மூட்டை விலைய விடுங்க, ஒரு முட்டைக்கு என்ன செலவுன்னு பாருங்க

வாசகி கேள்வி:

வணக்கம் அண்ணே. நாங்க சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து வீட்டுல இருக்கோம். பின்னாடி கம்பத்துக் கோழி வளக்குறேன், இப்ப 16 பெட்டை, 4 சேவல், ரெண்டு மாசக் குஞ்சு 11 இருக்கு. முட்டைக்கோழி டெடாக், அதான் கடையில விக்கிற மூட்டைத் தீவனம், 25 கிலோ மூட்டை 62 வெள்ளிக்கு ஏறிப்போச்சு. அதனால ஒரு டின் டெடாக், ஒரு டின் ஒடச்ச சோளம், ஒரு டின் தவிடுன்னு கலந்து எல்லாத்துக்கும் போடுறேன், மிச்சச் சோறும் போகும். அப்படியும் மாசம் 160 வெள்ளி ஆகுது. முன்னாடி ஒரு நாளைக்கு ஆறு ஏழு முட்டை எடுப்பேன், இப்ப ரெண்டு மூணுதான், அதுலயும் சிலது ஓடு தோல் மாதிரி இருக்கு. டெடாக்க சுத்தமா நிறுத்திட்டு செம்பனைப் புண்ணாக்கு, அசோலான்னு தண்ணில மெதக்குற சின்னச் செடி, இதுகள வெச்சே ஓட்டலாமா? யூடியூப்ல ஒருத்தர் அப்படித்தான் சொல்றாரு. மஞ்சக்கருவும் வெளுத்துப் போச்சு, அது சத்து இல்லாததாலயா?

பதில்:

வணக்கம் தங்கச்சி. எத்தன கோழி, என்ன போடுறீங்க, எவ்வளவு செலவுன்னு எல்லாத்தையும் எழுதுனீங்க பாருங்க, அதுக்கே தேங்க்ஸ், பாதிப் பேரு "கோழி முட்ட போடல என்ன செய்ய"ன்னு ஒரே வரில கேட்டுட்டுப் போயிருவாங்க. நான் தீவன மில்லுல கலவைக் கணக்கு போடுற வேலையில இருந்தவன், அதனால இந்த ஆளு மூட்டைத் தீவனத்தத்தான் வாங்கச் சொல்லுவாருன்னு உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். வரட்டும், கீழ எல்லாத்தையும் நம்பரோட எழுதுறேன், ஒரு பேனா எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க.

மாசம் 160 வெள்ளி செலவு, ரெண்டு மூணு முட்டைன்னா மாசத்துக்கு ஒரு 75 முட்டை வருது. அப்ப ஒரு முட்டை ரெண்டு வெள்ளிக்கு மேல விழுது. கடையில கம்பத்து முட்டைய வாங்கிச் சாப்புட்டாக்கூட அவ்வளவு ஆகாது. மூட்டை விலை ஏறுனது உண்மைதான், மலேசியாவுல தீவனத்துக்குப் போற சோளமும் சோயாவும் பெரும்பாலும் வெளிநாட்டுலேர்ந்துதான் வருது, பிரேசில், அர்ஜென்டினான்னு, அங்க விலை ஏறுனாலும் நம்ம ரிங்கிட் எறங்குனாலும் டவுன் கடையில ஏறிரும், அது நம்ம கையில இல்ல. கோழிக்கான விலைக் கட்டுப்பாட்ட 2023 நவம்பர் 1-ல எடுத்தாங்க, முட்டைக்கு இருந்த மானியத்த 2025 ஆகஸ்ட் 1-ல எடுத்தாங்க, அதனால வீட்டுல நாலு கோழி வளக்குறது நல்ல யோசனைதான், அதுல நான் குறை சொல்லல. நீங்க மிச்சம் புடிக்கப் பாத்த எடம்தான் தப்பு.

உங்க மூணு டின்ன எடுத்துக்குவோம். முட்டைக்கோழி டெடாக்ல புரோட்டீன் 16, 17 பெர்சன்ட் இருக்கும், கால்சியம் மூணரைலேர்ந்து நாலு. சோளத்துல புரோட்டீன் 8 தான், தவிட்டுல 12 கிட்ட. மூணையும் சமமாக் கலந்தா புரோட்டீன் தோராயமா 12-க்கு எறங்கிரும். அதக்கூட ஒரு கம்பத்துக் கோழி எப்படியோ தாக்குப்புடிக்கும், வெளிய மேஞ்சு புழு பூச்சின்னு கொஞ்சம் தேடிக்கும். ஆனா கால்சியத்தப் பாருங்க. சோளத்துலயும் தவிட்டுலயும் கால்சியம் இல்லன்னே வெச்சுக்கலாம், ஆக நாலு பெர்சன்ட் கிட்ட இருந்தது மூணுல ஒரு பங்கா ஆகி ஒண்ணேகாலுக்கு வந்துருச்சு. ஒரு பெட்டை ஒரு நாளைக்கு 100 கிராம் தின்னுச்சுன்னா ஒண்ணேகால் கிராம் கால்சியம் உள்ள போகுது, அதுல பாதிதான் உடம்புல சேரும், ஆனா ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் ஒண்ணரை கிராமுக்கு மேல வேணும். மீதிய எங்கேர்ந்து எடுக்கும்? தன்னோட எலும்புலேர்ந்துதான். கொஞ்ச நாள் எடுத்து எடுத்துக் குடுக்கும், அப்புறம் ஓடு தோலாகும், அதுக்கும் மேல முட்டையே நின்னுரும். வெறுங்கஞ்சிய ஊத்திட்டு ரெண்டு ஆள் வேலைக்கு பால்மரம் வெட்டச் சொன்ன மாதிரிதான். இதுல மிச்சச் சோறு வேற, சோத்துல முக்காவாசி தண்ணி, புரோட்டீன் ரெண்டு மூணு பெர்சன்ட்தான், கோழிக்கு இரைப்பை ரொம்பிரும், வயிறு நெறஞ்சுதுன்னு போய் நிழல்ல ஒக்காந்துக்கும், நல்ல தீவனத்துக்கு எடம் இருக்காது.

இப்ப நீங்க கேட்ட செம்பனைப் புண்ணாக்கு. மலிவுதான், புரோட்டீனும் 14, 16ன்னு பேப்பர்ல நல்லாத்தான் தெரியும். ஆனா நார் ஜாஸ்தி, ஓட்டுத் தூள் கலந்து மணல் மாதிரி நறநறன்னு இருக்கும், முட்டைக்கு முக்கியமா வேண்டிய லைசின்ங்கிற அமினோ அமிலம் அதுல குறைவு. அதனாலதான் அத மாட்டுக்கு அள்ளிப் போடுறாங்க, மாட்டுக்கு நார செரிக்கிற வயிறு இருக்கு, கோழிக்கு இல்ல. வளந்த பெட்டைக்கு மொத்தத் தீவனத்துல பத்துல ஒரு பங்கு வரைக்கும் சேத்துக்கலாம், தப்பில்ல, குஞ்சுக்கு மட்டும் வேணாம். அது மட்டுமே போட்டு முட்டை எடுக்கலாம்னு யாராவது சொன்னா அவரு வீட்டு முட்டைக் கூடைய ஒரு தடவ பாத்துட்டு வாங்க.

அசோலா கதையும் அப்படித்தான். "25 பெர்சன்ட் புரோட்டீன்"னு வீடியோவுல சொல்றாங்க, பொய் இல்ல, ஆனா அது காஞ்ச அசோலா கணக்கு. பச்சையா அள்ளுறதுல 94 பெர்சன்ட் கிட்ட தண்ணி. ஒரு கோழிக்கு 50 கிராம் பச்சை அசோலா போட்டா காஞ்ச எடை மூணு கிராம், புரோட்டீன் முக்கால் கிராம் கூட வராது, கோழிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 15, 16 கிராம். கீரை மாதிரி போடுங்க, கோழி ஆசையாத் தின்னும், அவ்வளவுதான். அப்புறம் தண்ணித் தொட்டி தேங்கி நிக்கும், ஏடிஸ் கொசு முட்டை விட்டுச்சுன்னா சுகாதார இலாகா ஆளுங்க வந்து சம்மன் வெச்சிட்டுப் போவாங்க, 1975-லேர்ந்தே அதுக்கு சட்டம் இருக்கு. தொட்டில நாலு கப்பி மீன விட்டுருங்க.

சரி, மலிவா புரோட்டீன் வேணும்னா உங்க ஊருல ஒண்ணு கிடைக்கும், தவ்ஃபு செய்யிற எடத்துல மிஞ்சுற சோயா சக்கை. சீனக் கம்பங்கள்ல சின்னதா தவ்ஃபு போடுறவங்க இருப்பாங்க, காலங்காத்தால போய் தவுக்கேகிட்ட, அதான் முதலாளிகிட்ட, ஒரு வாளி கேட்டுப் பாருங்க, சும்மாவே குடுத்தாலும் குடுப்பாரு, இல்லன்னா சில்லறக் காசுதான். காஞ்ச எடைக்குப் பாத்தா அதுல நாலுல ஒரு பங்குக்கு மேல புரோட்டீன். ஒரே ஒரு விஷயம், சில பேரு சோயாப் பால காய்ச்சுறதுக்கு முன்னாடியே சக்கையப் பிழிஞ்சு எடுத்துருவாங்க, அது பச்சை சோயா, பச்சை சோயாவுல புரோட்டீன் செரிக்க விடாத ஒரு பொருள் இருக்கு. அதனால எதுவா இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டாந்து கொஞ்சம் தண்ணி விட்டு ஒரு இருபது நிமிஷம் நல்லா கொதிக்க விட்டு, ஆறுனதும் துணில கட்டிப் பிழிஞ்சு, கோழிக்கு ஒரு சின்ன கைப்பிடி, 40 கிராம் கிட்ட. அதுலேர்ந்து ரெண்டு கிராம் புரோட்டீன் வரும். நம்ம வெயிலுக்கு அது மத்தியானத்துக்குள்ளயே புளிக்க ஆரம்பிச்சிரும், அன்னைக்கு உள்ளத அன்னைக்கே போட்டு முடிங்க, மறுநாள் மிஞ்சுனா வாழ மரத்துக்கு.

ஓட்டுக்கு நான் சொல்றது கெராங் சிப்பி. கெராங் வாங்கிச் சாப்புட்டுட்டுத் தூக்கிப் போடுற ஓடு இருக்கே, அது கிட்டத்தட்ட முழுக்க கால்சியம் கார்பனேட்தான், மில்லுல நாங்க சுண்ணாம்புக்கல்லா வாங்குறதும் அதே சரக்குதான். சீஃபூட் கடையில ஒரு பை கேளுங்க, நல்லாக் கழுவி, வெயில்ல காயப்போட்டு, அடுப்பு அணையப் போற தணல்ல ஒரு சுத்து வறுத்தா மொறுமொறுன்னு ஆயிரும், அப்புறம் சாக்குல போட்டு சுத்தியலால தட்டுங்க. மாவாக்கிறாதீங்க, ஒடச்ச உளுந்து சைஸ் இருக்கணும், ஏன்னா ஓடு உருவாகுறது ராத்திரில, பெரிய துண்டா இருந்தாத்தான் வயித்துல தங்கி ராத்திரி பூரா கொஞ்சங்கொஞ்சமாக் கரைஞ்சு குடுக்கும், மாவு சாயங்காலத்துக்குள்ளயே போயிரும். தீவனத்துல கலக்காதீங்க, தனி டப்பாவுல ஒரு ஓரமா வெச்சிருங்க. சாயங்காலம் ஒரு அஞ்சு மணிக்கு நின்னு பாருங்க, முட்டை போடுற பெட்டை அதுவாப் போய்க் கொத்தும், சேவல் எட்டிக்கூட பாக்காது. வீட்டு முட்டை ஓட்டையும் வறுத்து நொறுக்கி இதுலயே போடலாம், முழு ஓடா மட்டும் தூக்கிப் போடாதீங்க, முட்டை கொத்துற பழக்கம் வந்துரும், அது வந்தா போக்குறது பெரிய பாடு.

இப்ப நீங்க நினைக்காத எடத்துக்கு வர்றேன். உங்க மூட்டை விலைப்படி ஒரு கிலோ ரெண்டரை வெள்ளி, வளந்த கோழி ஒண்ணு ஒரு நாளைக்கு 25 சென்னுக்குத் தின்னுது. நாலு சேவல் எதுக்கு? முட்டைக்கு சேவலே தேவையில்ல, குஞ்சு எடுக்கணும்னா பத்துப் பன்னெண்டு பெட்டைக்கு ஒண்ணு போதும். மூணு சேவல வித்தா மாசம் 22 வெள்ளி கையில நிக்கும், வித்த காசு தனி. முனியாண்டி சாமிக்கு நேந்து விட்டதுன்னா அது வேற கணக்கு, அதுல நான் தலையிட மாட்டேன்.

பெட்டைலயும் எல்லாமே முட்டை போடுதுன்னு நினைக்காதீங்க. ராத்திரி கோழிங்க பரண்ல அடங்குன பொறவு டார்ச் எடுத்துக்கிட்டுப் போங்க, ஒவ்வொண்ணா புடிச்சு தலைய உங்க முழங்கைப் பக்கம் வெச்சு அக்குள்ல இறுக்கிக்கிட்டு, பின்பக்கம் முட்டை வர்ற தொளைக்கு ரெண்டு பக்கமும் கூரா ரெண்டு எலும்பு தட்டுப்படும், அதுக்கு நடுவுல உங்க விரல வெச்சுப் பாருங்க. ரெண்டு மூணு விரல் தாராளமா நுழைஞ்சு, தொளையும் பெருசா ஈரமா இருந்தா அது வேல செய்யிற கோழி. ஒரு விரல் கூட நெருக்கிப் புடிக்குது, தொளை சுருங்கி வறண்டு இருக்கு, கொண்டையும் வெளிறிக் கிடக்குன்னா அது முட்டைய நிறுத்தி ரொம்ப நாளாச்சு. கால்ல ஒரு கலர் துணியக் கட்டி விடுங்க. உடனே அறுத்துராதீங்க, இறகு கொட்டுற நேரமா இருக்கலாம், அடை உக்காந்து எழுந்ததா இருக்கலாம், தீவனத்த சரி பண்ணி ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாருங்க, அப்பவும் அதே மாதிரின்னா கறிக்குத்தான். பதினாறுல ஒரு மூணு நாலு கண்டிப்பா இப்படி இருக்கும்.

எலி. தோட்டத்துப் பக்கம்னா சொல்லவே வேணாம். ஒரு எலி ராத்திரிக்கு 20, 30 கிராம் தின்னும், பத்து எலின்னா உங்க ரெண்டு மூணு கோழித் தீவனம், தின்னது போக மூத்திரம் பேஞ்சு நாசம் பண்றது வேற. இருட்டுறதுக்கு முன்னாடி தீவனத் தட்ட எடுத்து உள்ள வெச்சிருங்க, மூட்டைய மூடி போட்ட டிரம்ல கொட்டி பலகை மேல வைங்க, மூணு நாலு வாரத்துக்கு மேல வர்ற மாதிரி வாங்காதீங்க. நம்ம ஈரத்துக்கு தவிடு சீக்கிரம் சிக்கு வாடை புடிச்சிரும், சோளம் பூசணம் புடிக்கும். பூசணம் புடிச்சத "கழுவிட்டா போச்சு, வறுத்துட்டா போச்சு"ன்னு போடுறவங்க இருக்காங்க, அந்த விஷம் கழுவுனாலும் வறுத்தாலும் போகாது, கோழியோட ஈரல அரிச்சிரும். தட்டையும் தரையில வைக்காம கோழி முதுகு உயரத்துக்குக் கட்டித் தொங்க விடுங்க, பாதிக்குக் கீழதான் நெரப்பணும், இல்லன்னா மூக்கால தள்ளித் தள்ளி கீழ எறைச்சிட்டு, அப்புறம் அத மிதிச்சிட்டு நிக்கும்.

மேச்சலுக்கு விடுறீங்கன்னா செம்பனை பிளாக் பக்கம் ஜாக்கிரதை. மண்டோர்கிட்ட என்னைக்கு மருந்து அடிக்கிறாங்க, என்னைக்கு எலி மருந்து வைக்கிறாங்கன்னு கேட்டு வெச்சுக்குங்க. பராகுவாட்ட 2020 ஜனவரி 1-லேர்ந்து இந்த நாட்டுல தடை பண்ணிட்டாங்க, ஆனா மத்த களைக்கொல்லி எல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. எலிக்கு வைக்கிற மெழுகுக் கட்டி கலர் கலரா இருக்கும், கோழி அதக் கொத்தும், மருந்து தின்னு செத்த எலியக் கொத்துனாலும் அதே கதிதான். மரத்தடில கெடக்குற உதிரிப் பழத்தப் பொறுக்கிட்டு வந்து கோழிக்குப் போடலாமான்னும் சில பேரு கேக்குறாங்க, கோழி நல்லாத்தான் தின்னும், ஆனா அது தோட்டத்துச் சொத்து, புடிபட்டா அந்தப் பழத்த விட கோழி விலை போயிரும்.

குஞ்சுங்க விஷயத்துல ஒண்ணு அவசரமா மாத்தணும். முட்டைக்கோழி டெடாக்ல இருக்கிற கால்சியம் வளர்ற குஞ்சுக்கு ஆகாது, கிட்னிய கெடுத்துரும், உங்க கலவைல அது கொறஞ்சு கிடந்ததால தப்பிச்சுது, இனிமே பெட்டைக்கு சரியாப் போடும்போது குஞ்ச பிரிச்சே ஆகணும். அதுக்குன்னு தனிக் கூண்டு கட்ட வேணாம், ஒரு மூலைல குஞ்சு மட்டும் நுழையிற இடைவெளி விட்டு சட்டம் அடிச்சு, உள்ள குரோவர் தீவனத்த, அதான் வளர்ற குஞ்சுக்குன்னு விக்கிறத, வெச்சாப் போதும், பெரியது எட்டிப் பாத்துட்டுப் போயிரும். குரோவர் வாங்கும்போது மூட்டைல மருந்து கலந்ததுன்னு போட்டிருக்கான்னு பாருங்க, அப்படி இருந்தா முட்டை போடுற கோழி அதத் தொடக்கூடாது.

குஞ்சுக்கு காசில்லாத தீவனம் ஒண்ணு இருக்கு, கரையான். ஒரு பழைய மண்சட்டில தேங்கா மட்டை, கிழிஞ்ச கோணிச்சாக்கு, காஞ்ச சாணி இதுகளப் போட்டு தண்ணி தெளிச்சு, கரையான் ஓடுற எடமாப் பாத்து, பழைய ரப்பர் கட்டை, இத்துப்போன செம்பனைத் தண்டு பக்கம்னா இன்னும் நல்லது, சாயங்காலம் கவுத்து வெச்சிட்டு வந்துருங்க. காலைல மெதுவா நிமித்திப் பாத்தா சாக்கு பூரா வெள்ளையா ஊர்ந்துக்கிட்டு இருக்கும், அப்படியே குஞ்சுங்க நடுவுல ஒதறிட்டா போதும், அதுங்க ஓடுற ஓட்டத்தப் பாக்கணும். வீட்டுக்கு கரையான் மருந்து அடிச்ச பக்கம் மட்டும் வைக்காதீங்க.

இனி ஒரு நாள் எப்படிப் போகணும்னா, காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பெட்டைக்கு 80 கிராம் வீதம் டெடாக், எதையும் கலக்காம. முதல்ல வயிறு ரொம்புறது இதுலதான் இருக்கணும். பத்து மணி வாக்குல சோயா சக்கை, கீரை. மத்தியானம் வெயில்ல கோழி தின்னாது, தண்ணி மட்டும் நிழல்ல ஜில்லுன்னு இருக்கணும், தண்ணி கொறஞ்சா முட்டை கொறையும், இதுக்கு ஒரு காசு செலவில்ல, ஆனா இதத்தான் நெறைய பேரு கவனிக்கிறதில்ல. சாயங்காலம் ஒரு சின்ன கை சோளம், பக்கத்துல சிப்பி. மிச்சச் சோறு கொஞ்சமா, உப்பு புளி கொழம்பு ஊத்தாதது. கருவாட்டு மிச்சம், ஊறுகாய் மிச்சமெல்லாம் வேணாம், உப்பு ஜாஸ்தியானா கோழிக்கு விஷம். தவிட நிறுத்திருங்க, செம்பனைப் புண்ணாக்கும் போட்டுத்தான் ஆகணும்னு இல்ல.

பன்னெண்டு பெட்டை, ஒரு சேவல்னு வெச்சா டெடாக் மாசம் 31 கிலோ, 77 வெள்ளி. குஞ்சுங்களுக்கு 20 கிலோ குரோவர், அதே விலைன்னு போட்டாலும் 50. சோளம் ஒரு பத்துப் பன்னெண்டு வெள்ளி. கூட்டுனா 140 கிட்ட வருது. பாத்தீங்களா, மொத்தச் செலவு பெருசா எறங்கல. ஆனா நல்லாப் போடுற மாசத்துல ஒரு நாளைக்கு அஞ்சு முட்டை திரும்புச்சுன்னா மாசம் 150 முட்டை, குஞ்சுத் தீவனத்தையும் சேத்தே ஒரு முட்டை ஒரு வெள்ளிக்குக் கீழ வந்துருது. எறங்க வேண்டியது அந்த நம்பர்தான். இதுக்கு மேல எதிர்பாக்காதீங்க, கம்பத்துக் கோழி கொஞ்ச நாள் போடும், அப்புறம் அடைக்கு உக்காரும், வருஷத்துக்கு நூறு தாண்டுனாலே நல்ல கோழி, பண்ணைக் கோழி மாதிரி முன்னூறு போடுற ஜாதி இல்ல, எந்தத் தீவனமும் அத மாத்தாது. ஓடு ரெண்டு மூணு வாரத்துல சரியாகணும். ஆகல, கூடவே கோழி மூச்சு வாங்குது, கழுத்து திருகுது, பச்சையா கழியுதுன்னா அது தீவனப் பிரச்சன இல்ல, உடனே மாவட்ட கால்நடை ஆபீஸுக்குப் போங்க, தடுப்பூசியப் பத்தியும் பூச்சி மருந்தப் பத்தியும் அங்கயே கேட்டுருங்க.

மஞ்சக்கரு வெளுத்தத கடைசியாக் கேட்டிருந்தீங்க. அது சத்துக் கணக்கு இல்ல, கலர் கணக்கு. பச்சை இலைலயும் மஞ்சச் சோளத்துலயும் இருக்கிற நிறம்தான் கருவுல ஏறுது, தவிட்டுலயும் சோத்துலயும் அந்த நிறம் கிடையாது, அதான் வெளுத்துச்சு. வெளுத்த கருவுலயும் புரோட்டீன் அதேதான் இருக்கும். வேலியோரம் முருங்கை இருக்குமே, அதுல ரெண்டு கொத்து, இல்லன்னா கங்கோங், சக்கரவள்ளிக் கெழங்கு இலை, எது கிடைச்சாலும் கட்டித் தொங்க விடுங்க, தரையில போட்டா மிதிச்சே வீணாக்கிரும். மரவள்ளி இலைய மட்டும் பச்சையாப் போடாதீங்க, வெட்டி நல்லாக் காயவெச்சுத்தான் போடணும். ஒரு பத்து நாள்ல கரு மறுபடி மஞ்சளா வரும்.